சட்டம் சரி... காரணம் எங்கே?

1950 மார்ச் 10. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைய மதராஸ் அரசு ஓர் அரசாணை போட்டது. ‘பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி’ என்ற சங்கம் சட்டவிரோதமானது என்று அறிவித்தது அந்த ஆணை. 1947 நவம்பரில் முறையாகப் பதிவான சங்கம் அது. பயனுள்ள அறிவைப் பரப்புவது, குறிப்பாகச் சமூக அறிவியலை மக்களிடம் கொண்டுபோவது என்று தன் நோக்கத்தை எழுதிவைத்திருந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்பது அரசின் குற்றச்சாட்டு.

அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சங்கத்தைத் தடை செய்யும்போது அதன் நிர்வாகிகளுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அலுவலகக் கதவில் ஒரு தாளை ஒட்ட வேண்டும் என்றுகூட இல்லை. கெஜட்டில் அச்சானால் போதும், தடை அமலுக்கு வந்துவிடும். கெஜட்டை யார் படிக்கிறார்கள்? தடை வந்ததே தெரியாமல் மறுநாள் சங்கத்துக்குப் போகிறவர் குற்றவாளியாகிவிடலாம். சங்கத்தின் பணமும் சொத்தும் பறிபோகும். முறையிட வேண்டுமானால் அரசிடமே எழுதிக் கொடுக்கலாம். அரசு அதை ஓர் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழுவின் முன் நேரில் நிற்கவோ வக்கீல் வைத்து வாதாடவோ வழியில்லை. சங்கம் ஆபத்தானது என்று அரசு நினைத்ததா என்பதுதான் ஒரே கேள்வி. அது உண்மையிலேயே ஆபத்தானதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

சங்கத்தின் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ் ஒரு மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை நீதிபதி ராஜமன்னார் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றார்கள். அரசு உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போயிற்று. 1952 மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு ராவின் பக்கமே நின்றது.

தீர்ப்பில் சில வரிகள்தான். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டின் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப அந்த வரிகளிடம்தான் போகின்றன. ஓர் உரிமையின் மீது அரசு போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்று அங்கே சொல்லப்பட்டது. பறிக்கப்படுவது என்ன மாதிரியான உரிமை? எதற்காகப் பறிக்கிறார்கள்? தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது? தீமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா, அளவுக்கு மீறிப் போகிறதா? அந்தக் காலத்தின் நிலவரம் என்ன? இவை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது தீர்ப்பு. பொதுவான ஒரே அளவுகோல் எல்லாச் சட்டத்துக்கும் பொருந்தாது என்றும் சொன்னது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். ஒரு சட்டம் போட அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. அந்தச் சட்டத்துக்கு அரசு என்ன காரணம் காட்டுகிறது, அந்தக் காரணத்தை நீதிமன்றம் எவ்வளவு நெருங்கிப் பார்க்கிறது என்பதில்தான் குடிமக்களின் உரிமை நிற்கிறது அல்லது விழுகிறது. அந்தப் பாதிக் கேள்வியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மீதியைப் பேசுவதே இல்லை.

எல்லைகள் எவை?

அதிகாரத்தின் எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மத்தியப் பட்டியலில் உள்ளதை மாநிலம் தொட முடியாது. மாநிலப் பட்டியலில் உள்ளதைப் பொதுவாக நாடாளுமன்றம் தொட முடியாது. அடுத்து 13ஆவது பிரிவு: அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது. மூன்றாவது, 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் வந்தது: அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது.

ஒன்பதாவது அட்டவணைக்குள் ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டால் நீதிமன்றம் எட்டிப் பார்க்காது என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அந்தக் கதவை ஓரளவு திறந்ததும் நம் நீலகிரிதான். கூடலூர் ஜன்மம் நிலங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எழுந்த ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற சோதனைக்குத் தப்பாது.

பீடி சுற்றக் கூடாது!

பட்டியல்களையும் அட்டவணைகளையும் விட, அளவு என்றால் என்ன என்பதைப் புரியவைக்க ஒரு பீடி வழக்கு போதும்.

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில் விவசாயப் பருவத்தில் கூலியாட்கள் கிடைப்பதில்லை, எல்லோரும் பீடி சுற்றப் போய்விடுகிறார்கள் என்பது குறை. 1948இல் சட்டம் போட்டார்கள். அறிவித்த கிராமங்களில், விவசாயப் பருவம் முடியும் வரை ஒருவரும் பீடித் தொழிலில் ஈடுபடக் கூடாது. 1950இல் அந்தச் சட்டப்படி ஆணை வந்தது. பீடி உற்பத்தி செய்த ஒருவரும் பீடித் தொழிலாளி ஒருவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதுதான் சிந்தாமன் ராவ் வழக்கு.

அரசின் நோக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. நெல்லும் கோதுமையும் வேண்டும்தான். ஆனால் தென்காசிப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ பீடி சுற்றும் வீட்டுக்கு ஒருமுறை போனவர்களுக்கு அந்த ஆணையின் கொடுமை உடனே விளங்கும். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து இலை நறுக்கித் தூள் வைத்துச் சுற்றுபவர் யார்? இடுப்பு ஒடிந்து வயலில் இறங்க முடியாத பாட்டி. கைக்குழந்தைக்காரி. கால் ஊனமானவர். இவர்களை வீட்டில் சும்மா உட்காரவைத்தால் வயலுக்கு ஓர் ஆள்கூடக் கூடப்போவதில்லை. நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான். வயல் வேலைக்கே போக முடியாத முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஊனமுற்றவர்களையும் சேர்த்துத் தடுப்பதற்கும் அரசு சொன்ன நோக்கத்துக்கும் தொடர்பில்லை. வயலுக்கு ஆள் வேண்டுமானால் வேலை நேரத்தை முறைப்படுத்தியிருக்கலாம், வயலில் இறங்கக் கூடியவர்களுக்கு மட்டும் விதி வைத்திருக்கலாம். மொத்தமாகத் தடுத்தது அளவுக்கு மீறியது. சட்டம் விழுந்தது.

‘நியாயமான கட்டுப்பாடு’ என்ற தொடரில் உள்ள ‘நியாயமான’ என்ற ஒற்றைச் சொல் இல்லாவிட்டால் இந்தத் தீர்ப்பே வந்திருக்காது. அரசியல் நிர்ணய சபையின் வரைவில் அந்தச் சொல் இல்லை. பண்டித தாகூர் தாஸ் பார்கவா அதைச் சேர்க்கச் சொல்லி வாதாடினார், அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும் வேலையை அந்தச் சொல்தான் நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. பேச்சுரிமை பற்றிய பகுதிக்குள் அந்தச் சொல் 1951இல், முதல் அரசியலமைப்புத் திருத்தத்தில்தான் வந்தது. அந்தத் திருத்தத்தை வரவழைத்தவற்றில் இரண்டு மதராஸ் வழக்குகள்: ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழை மாநிலத்துக்குள் நுழைய விடாமல் தடுத்த ஆணையை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கும், வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கும்.

கண்ணை மூடிக்கொண்ட நாள்

மதராஸிலிருந்து போன எல்லா வழக்கும் உரிமையின் பக்கம் சாயவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தது இதே மதராஸ் அரசு. 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள், சட்டம் என்று ஒன்று இருந்து அதில் சொன்ன நடைமுறைப்படி அரசு நடந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று 21ஆவது பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றார்கள். நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார். அவர் சொன்னது சரியென்று ஏற்க நாட்டுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமாகவும் முறையாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடையில் நெருக்கடி நிலை வந்து போயிருந்தது. நீதிமன்றம் தள்ளி நின்று பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆண்டுகளைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எவ்வளவு நெருங்கிப் பார்ப்பது என்பதை அமெரிக்கர்கள் படிகளாகவே வகுத்துக்கொண்டார்கள். 1938இல் கொழுப்பு நீக்கி வேறு எண்ணெய் கலந்த பாலை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை போட்ட சட்டம் ஒன்று அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வியாபாரச் சட்டம்தானே, ஏதோ ஒரு காரணம் இருந்தால் போதும் என்று அதை விட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பின் நான்காவது அடிக்குறிப்பில், பேச்சுரிமை, வாக்குரிமை, சிறுபான்மையினர் என்று வந்தால் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று கோடு காட்டினார்கள். பின்னாளில் அது மூன்று படியாக வளர்ந்தது. இனத்தை வைத்துப் பிரித்தால் மிகக் கடுமையான சோதனை. ஆண் பெண் என்று பிரித்தால் நடுத்தரம். வரி, வியாபாரம் என்றால் மேலோட்டம். படி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அவர்களே காட்டினார்கள். 1944இல் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை வீடுகளை விட்டு வெளியேற்றிய ஆணையைக் கடுமையான சோதனை என்று சொல்லிக்கொண்டேதான் செல்லும் என்றார்கள்.

அந்தப் படிக்கட்டை நம் உச்ச நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தந்த சட்டத்தை எதிர்த்த வழக்கில், அமெரிக்கக் கடுமையான சோதனையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று வாதாடினார்கள். 2008 ஏப்ரலில் நீதிமன்றம் மறுத்தது. என் பார்வையில் அது சரியான முடிவு. பிறப்பால் ஒடுக்கியதைச் சரிசெய்யும் சட்டத்தையும், பிறப்பால் ஒடுக்கும் சட்டத்தையும் ஒரே சந்தேகத்தோடு பார்ப்பது நம் மண்ணுக்கு ஒவ்வாது.

நாம் எடுத்துக்கொண்டது வேறு வழி. ஜெர்மனியிலும் கனடாவிலும் வளர்ந்த விகிதாசாரச் சோதனை. 2016இல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் அது தெளிவாக வந்தது. 2017இல் அந்தரங்க உரிமையை ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கில் வேர் பிடித்தது. நோக்கம் முறையானதா, எடுத்த நடவடிக்கை அந்த நோக்கத்துக்குக் கொண்டுபோகுமா, இதைவிடக் குறைவாக உரிமையைத் தொடும் வழி இருந்ததா, கிடைக்கும் பலனுக்கு இழக்கும் உரிமை தகுமா என்று வரிசையாகக் கேட்பது. மூன்றாவது கேள்விதான் அரசுகளுக்கு வியர்க்கவைப்பது. வேறு வழியைப் பார்த்தோமா என்று கேட்டால், பார்த்ததற்கான தாள் கோப்பில் இருக்க வேண்டும்.

தாள் இல்லாமல் ரிசர்வ் வங்கியே மாட்டிக்கொண்டது. கிரிப்டோ கரன்சி வியாபாரிகளுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று 2018இல் அது சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு அது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கிரிப்டோ வியாபாரத்தால் எந்த வங்கிக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி காட்டவில்லை.

ரம்மி: ஒரே ஆட்டம், பல சட்டங்கள்

நம் ஊரில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்த கதை ஆன்லைன் ரம்மி. பணத்தைத் தொலைத்தவர்கள் உயிரை விட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டம். திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடினால் குற்றம்.

2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மொத்தமாகத் தடை செய்ய வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். அரசு காட்டியதோ சில துயரச் சம்பவங்களை மட்டும். ஆய்வு இல்லை, குறைந்தபட்சத் தலையீடு எது என்ற யோசனையும் இல்லை என்றது நீதிமன்றம்.

அடுத்து வந்த அரசு பாடம் கற்றுக்கொண்டது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2022 ஜூனில் அறிக்கை வந்தது. அதன் மேல் புதிய சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நேரக் கட்டுப்பாடு, வயதுக் கட்டுப்பாடு போடலாம் என்றும் வழி காட்டியது.

அரசு அந்த வழியில் போனது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் வைத்து ஆளை உறுதிசெய்ய வேண்டும் என்று 2025இல் விதிகள் வந்தன. நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றம் போயின. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதிகளைச் செல்லும் என்றது. மூன்று மாதத்துக்குள் நாடாளுமன்றம் நாடு முழுவதும் பணம் வைத்த ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

ஆதாரம் இல்லாத முழுத் தடை விழுந்தது. அறிக்கை வைத்துக்கொண்டு போட்ட சட்டம் பெரும்பகுதி நின்றது. அளந்து போட்ட விதி முழுசாக நின்றது. 2021லேயே அந்த விதியைப் போட்டிருந்தால் நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது. அந்த நான்கு ஆண்டுகளில் நள்ளிரவில் போனை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அவசரத்தில் போட்ட சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களைத்தான் நட்டாற்றில் விட்டது.

வன்னியர் உள் இடஒதுக்கீட்டுச் சட்டமும் அதே கதை. 2021 பிப்ரவரி 26. தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில் பேரவையில் நிறைவேறியது 10.5 விழுக்காடு. மதுரைக் கிளை நவம்பரில் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாநிலத்துக்கு உள் ஒதுக்கீடு தர அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை; உண்டு என்றது. புதிய கணக்கெடுப்பு எங்கே என்பதுதான் கேள்வி. 1980களின் அம்பாசங்கர் ஆணையப் புள்ளிவிவரத்தின் மேல் எழுப்பிய கட்டடம் தாங்கவில்லை. உண்மையிலேயே பின்தங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்குக் கையில் கிடைத்தது போலக் காட்டிப் பறித்தது போல ஆயிற்று.

அளவுகோல் இருக்கிறது, கை வரவில்லை

நீதிமன்றத்தின் மேலும் குறை உண்டு. சொல்லியாக வேண்டும்.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அருமையான தீர்ப்பை எழுதியது: தடை ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரம்பின்றி நிறுத்தக் கூடாது, விகிதாசாரம் பார்க்க வேண்டும். எல்லாம் சரி. இணையத்தைத் திறந்துவிடு என்று மட்டும் சொல்லவில்லை. 4ஜி சேவை முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். ஒன்றரை ஆண்டு! அந்தக் கொரோனா காலத்தில் பாடம் படிக்க வேண்டியிருந்த பிள்ளைக்கு விகிதாசாரம் என்ற சொல் என்ன செய்தது?

தேர்தல் பத்திரங்களும் அப்படித்தான். நன்கொடை கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியக் கூடாது என்ற திட்டம் 2018இல் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். நன்கொடையாளரின் அந்தரங்கம் ஒரு தட்டில், வாக்காளரின் அறியும் உரிமை மறு தட்டில் என்று எடைபோட்டு, கறுப்புப் பணத்தைத் தடுக்க இதைவிட உரிமையைக் குறைவாகத் தொடும் வழிகள் இருந்தன என்று காட்டினார்கள். தீர்ப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டலாம். ஆனால் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன. ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டப்பேரவைத் தேர்தல்களும் அந்தப் பணத்தோடு நடந்து முடிந்திருந்தன.

கடைசியில் செல்லாது என்று ஆகும் சட்டம் நடுவில் பல ஆண்டுகள் செல்லுபடியாகி, தன் வேலையை முடித்துக்கொண்டுதான் போகிறது. அடிப்படை உரிமையை நேரடியாகத் தொடும் சட்டத்தை எதிர்த்த வழக்கை முதலில் எடுத்து விசாரிக்க வேண்டும். தாமதமும் ஒரு தீர்ப்புதான் என்று நீதிபதிகள் உணர வேண்டும்.

நீதிமன்றத்துக்கு முன்பே ஓர் இடம் இருக்கிறது. பேரவையில் வைக்கும் ஒவ்வொரு மசோதாவோடும் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்று ஒரு பகுதி அச்சாகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டுக் கை தூக்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று சொல்வதற்கில்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, அடுத்த முறை அவர் கை தூக்கப் போகும் சட்டத்தின் அந்த ஒரு பக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது, அதற்கு என்ன கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். நீதிமன்றம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். நாம் முந்திக்கொண்டு கேட்போம்.